தொட்டிக்குப் பின்னால்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் மாமியார். நேரில் எல்லாரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்; முதுகுக்குப் பின்னால்தான் மாமியார். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ள மாட்டாள், ஏனென்றால் அவள் பார்க்கும் வேலை அப்படி. ஆன்லைனில் ஊர் உலகத்தில் இருப்பவர்கள் கூட்டு சேர்ந்து ஆடுகிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றை நடத்தும் கம்பெனி அது. ஆடுகிறவன் ஒருவன் இன்னொருவனை வாய்க்கு வந்தபடி திட்டினாலோ, வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுத்தாலோ புகார் வரும். தமிழில் வரும் புகார்களைக் கேட்டு, யாரை எச்சரிப்பது, யாருடைய கணக்கைப் பூட்டுவது என்று முடிவு சொல்கிறவள் அவள்.

காலையில் டீ ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடும். காது கூசுகிற வசவு, அம்மா அக்கா யாரையும் விட்டுவைக்காத வசவு. முகம் தெரியாது என்ற தைரியத்தில் மனுஷன் என்னவெல்லாம் பேசுகிறான்! எதிரே நிறுத்தினால் 'வணக்கம் சார்' என்பதற்கே வாய் குழறும். அவள் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. கேட்பாள், பட்டனைத் தட்டுவாள், அடுத்ததுக்குப் போவாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவளுடைய வீட்டுக்காரர் சாயங்காலம் வந்ததும், "இன்னைக்கு யார் குடும்பத்த இழுத்தாங்க?" என்று விசாரிப்பார். கல்லூரிக்குப் போகும் மகளுக்கோ அம்மாவின் வேலையைத் தோழிகளிடம் எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆனால் இந்த மாமியாருக்கு ஒரு காலத்தில் குண்டூசி என்று பெயர். உடம்பும் அப்படி, வாயும் அப்படி. அந்தப் பெயரை வைத்தது ஒரு பிரவுசிங் சென்டர் கூட்டம்.

மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கின அந்தச் சென்டரை நினைத்தாலே அவளுக்கு மனசு இளகிவிடும். பெட்டி பெட்டியாக மானிட்டர்கள், நடுவில் பிளைவுட் தடுப்பு. ஹெட்போனில் பஞ்சு பிய்ந்து தொங்கும். கீபோர்டில் எழுத்து தேய்ந்து வெறும் கட்டைதான் மிச்சம். மவுஸ் நகராவிட்டால் கவிழ்த்து, உள்ளே இருக்கும் உருண்டையை எடுத்து, அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டு மறுபடி போட வேண்டும். கரண்ட் போனால் யூ.பி.எஸ். எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும், அதைவிடச் சத்தமாகப் பையன்கள் கத்துவார்கள். கூட்டத்தில் ஒரே பெண் அவள். டைப்பிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, இதே துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் முதல் பதிப்பில் சுட்டுக்கொண்டிருந்தாள்.

சென்டர்காரரை எல்லாரும் முதலாளி என்று கூப்பிட்டார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்த ஒல்லி மனுஷர். அவர் ஒரு விதி வைத்திருந்தார். ஆட்டத்தில் எவனாவது எல்லை மீறித் திட்டினால், அடுத்த ஆட்டம் முழுக்க அவன் களத்தின் மூலையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நிற்க வேண்டும். திட்டு வாங்கினவர் மனசு ஆறினால் அங்கே போய் ஒரே ஒரு குண்டு போடுவார். போட்டதும் கணக்குத் தீர்ந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. எத்தனை சண்டைகள் அந்தத் தொட்டிக்குப் பின்னால் தீர்ந்து போயின! இன்றைக்கு ஆயிரம் வரி விதி எழுதுகிற கம்பெனிகளுக்கு இந்தப் புத்தி வரவில்லையே என்று அவளுக்கு ஆதங்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீட்டிங்கில் சொல்லியும் பார்த்தாள். தொட்டியை யாரும் சட்டை செய்யவில்லை. ஆனால் தன் அணிக்காரனையே ஒருவன் சுட்டுவிட்டால், சுடப்பட்டவரிடம் 'மன்னிக்கிறீர்களா?' என்று திரையில் கேட்பது என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வாசகம் அவள் எழுதியது.

அவளுக்குப் பக்கத்து சீட் கொட்டாவி என்று பெயர் வாங்கின பையனுடையது. சுடுவதற்கு முன்னால் ஒரு கொட்டாவி விடுவான், குறி தப்பாது. அவள் முன்னே ஓடினால் அவன் பின்னே காவல். அவன் ஹெட்போன் கெட்டுப்போனால் அவளுடையதில் ஒரு காதை அவனுக்குக் கொடுப்பாள். கூடப் பிறந்த தம்பியிடம்கூட அவள் அத்தனை ஒட்டுதலாக இருந்ததில்லை.

அப்படிப்பட்டவன்தான் ஒரு நாள், அடுத்த தெரு சென்டரோடு ஆடிய ஆட்டத்தில் தோற்ற கோபத்தில், பொம்பளப் பிள்ளையைச் சேர்த்ததுதான் தப்பு என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னான். அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. முதலாளி எழுந்து, "தொட்டிக்குப் போடா" என்றார். "இவளுக்காகவா? போக மாட்டேன்" என்றான் அவன். அத்தனை பேர் இருந்தார்கள், ஒருவன் வாய் திறக்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

அத்தோடு சரி. அதே மாதம் அப்பாவுக்கு மாற்றல் வந்தது, வேறு ஊர், படிப்பு, கல்யாணம். சென்டரும் மூடிவிட்டது என்று கேள்விப்பட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வார்த்தையைத் தினமும் யார் யாரோ சொல்லிக் கேட்கிறாள், ஒன்றும் ஆவதில்லை. அவன் சொன்னது மட்டும் இன்னும் சுருக்கென்று தைக்கும். அதைவிட வேடிக்கை, அவனைத்தான் அவள் மனசு தேடிக்கொண்டும் இருந்தது. கம்பெனியில் சேர்ந்ததும் குண்டூசி என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்து வைத்தாள். என்றைக்காவது யார் கண்ணிலாவது படாதா என்ற நப்பாசை.

சென்டரில் அவர்கள் ஆடிய அதே பழைய களத்தை ஞாபகார்த்தமாக ஒரு வாரத்துக்கு மறுபடி திறந்துவிட்டிருந்தார்கள். அந்த வாரம் ஒரு காலையில் ஒரு புகார் வந்தது. பாரபட்சம் கூடாதென்று பெயரை மறைத்து எண் மட்டும்தான் காட்டுவார்கள். குற்றம், ஆட்டத்தில் சேர்ந்துகொண்டு ஆடாமல் நிற்பது. ஆட்டத்துக்கு ஆட்டம் இதேதான். அணிக்காரர்கள் கிழி கிழி என்று கிழித்திருந்தார்கள். அவன் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏற்கெனவே மூன்று எச்சரிக்கைகள். கணக்கை நிரந்தரமாகப் பூட்ட வேண்டியதுதான். பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டே ஆட்டத்தின் பதிவை ஓட்டிப் பார்த்தாள்.

அந்த ஆள் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தான்.

விரல் தானாகப் பின்வாங்கியது. மறைத்திருந்த பெயரைத் திறந்தாள். கொட்டாவி.

அன்றைக்குப் போக மாட்டேன் என்றவன் இந்த வாரம் முழுக்க, ஊரே காறித் துப்பினாலும், அங்கே போய் நிற்கிறான். யாருக்காக என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நிற்கிறதனாலேயே அவன் கணக்கு போகப் போகிறது. போய்விட்டால் அவனைத் தேட வேறு வழியும் கிடையாது. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் எருமை என்று கத்த வேண்டும்போல இருந்தது. தெரிந்தவர் புகாரைத் தானே பார்க்கக் கூடாது என்பது அலுவலக விதி. எழுந்து டீம் லீடரிடம் போனாள். தன் வயசில் பாதிதான் இருக்கும் பெண்.

"இத என்னால பாக்க முடியாதும்மா. எனக்குத் தெரிஞ்ச ஆளு."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "யார் பாத்தாலும் நிரந்தரமாப் பூட்டத்தான் வேணும்க்கா. சாப்பிட்டு வந்து நான் பூட்டிடறேன்."

மாமியாராச்சே, தடுப்பாளா? பூட்டச் சொல்லிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆட்டம் ஆடிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாள். அவள் ஆடி யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

டிபன் டப்பாவைத் திறக்காமலே விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும் அறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். குண்டூசி என்ற கணக்கிலிருந்து கொட்டாவிக்கு 'சேர்ந்து ஆடலாமா?' என்று அழைப்பு அனுப்பினாள். அனுப்பின கை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. களம் திறந்ததும் அவன் நேராகத் தொட்டியைப் பார்த்து நடந்தான்.

அவள் ஓடினாள். பின்னால் காவலுக்கு ஆளில்லாமல், நாலு பக்கமும் சுடுகிறவர்களுக்கு நடுவில் அந்தப் பழைய சந்துகளில் ஓடினாள். எங்கே குனிய வேண்டும், எந்தச் சுவரை ஒட்டிப் போக வேண்டும் என்பது விரல்களுக்கு மறக்கவே இல்லை. தொட்டிக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"அன்னைக்கே வந்து நின்னுருக்கணும், குண்டூசி" என்றான். குரல் தடித்துப் போயிருந்தது. "நீ படியேறின அப்புறம் வந்து நின்னேன். நீ வரல."

"வாய மூடிட்டு நில்லு" என்றாள்.

ஒரே ஒரு குண்டு.

அவன் விழுந்தான். சக வீரரைச் சுடுவது நடத்தை விதிகளுக்கு எதிரானது என்று அவள் திரையில் சிவப்பாக வந்தது. அந்த வாக்கியமும் அவள் எழுதியதுதான். ஹெட்போனில் அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாத ஒரு சத்தம்.

"ஏய், என்னப் போயி கேக்குது பாரு. மன்னிக்கிறீர்களான்னு."

"சீக்கிரம் தட்டித் தொலைடா, நேரம் ஓடுது."

அவனுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்ததோ என்னவோ, கை போகவில்லை. நேரம் முடிந்தால் மன்னிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, சுட்டவரை வெளியே தள்ளிவிடுவது விதி. அதற்குள் அவள் தன் போன் நம்பரை இரண்டு தடவை கத்திச் சொன்னாள். சொந்த விவரங்களை ஆட்டத்தில் சொல்லக் கூடாது என்பதும் விதிதான். பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் இரண்டு கணக்குகளும் பூட்டப்பட்டன. அவனுடையது நிரந்தரமாக, அவளுடையது ஒரு வாரத்துக்கு. டீம் லீடர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "சரியாத்தாம்மா பண்ணியிருக்க" என்றாள் மாமியார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்துக் காதில் வைத்தாள். முதலில் கேட்டது, ஒரு நீளமான கொட்டாவி.