முன் இடது சக்கரத்தின் முனகல்

நான் கட்டினதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் குளுவாங் ஊருக்கு வெளியே, தண்ணீர் தேங்கும் என்று எல்லாரும் வேண்டாம் என்ற நிலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் கட்டினேன். தூண்கள் எல்லாம் செத்துப்போன லோரிகளின் சேசிஸ். என்ஜின் தூக்குகிற கிரேன் கடையில் வாங்கினது இல்லை. மரம் ஏற்றும் லோரியின் அச்சுக்கூட்டை அறுத்து நானே ஒட்டினது. சேற்றில் மாட்டின வண்டியை இழுக்க ஒரு வண்டி செய்தேன், இரண்டு வண்டியை வெட்டி ஒன்றாக்கி. காஹாங் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டங்களில் அது இழுக்காத லோரி இல்லை. இரண்டு தடவை வெள்ளம் வந்து சாமான்களை அள்ளிக்கொண்டு போனது, இரண்டு தடவையும் மறுபடி எழுப்பினேன். இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கிறது, மீதியை அந்தக் கிரேனுக்குக் கொடுத்துவிட்டேன். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். என் கையெழுத்தைவிட என் வெல்டிங் அழகாக இருக்கும். ஆனால் படித்த என்ஜினியர் கம்ப்யூட்டரை மாட்டித் தேடுகிற கோளாறை நான் ஸ்டீயரிங்கில் கை வைத்தே சொல்லிவிடுவேன். ஜொகூரில் நாலு சக்கரமும் இழுக்கிற போர்வீல் வண்டி வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்டவன் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பயத்தில் வேர்த்துப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணனும் அண்ணியும் காஹாங்குக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தார்கள். அண்ணன் அங்கே முப்பத்தைந்து வருஷம் டிராக்டர் ஓட்டினவர். ரிட்டையர் ஆன பிறகு நர்சரிக்குக் காவலாக வைத்துக்கொண்டார்கள், அதனால் வீடும் அவர்களிடமே இருந்தது. அப்புறம் சிறுநீரகம் இரண்டும் போனது. வாரத்துக்கு மூன்று நாள் குளுவாங்கில் டயாலிசிஸ். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். அடுத்த நாளும் தவறினால் நெஞ்சில் நீர் ஏறும், மூச்சு அடைக்கும். டாக்டர் இதை எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஆயுத பூசை வாரத்தில் தோட்டத்துப் பெரிய ரோட்டின் பாலத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. அண்ணனை ஏற்றிப்போகும் வேன் வர வழியில்லை. மிச்சம் இருந்தது குன்றின் மேலே பழக்குலை லோரி போகிற செம்மண் பாதை ஒன்றுதான். பதினோரு கிலோமீட்டர். மழையில் அதில் சாதாரணக் கார் ஏறாது, ஆம்புலன்சும் ஏறாது. தோட்டத்து மேனேஜர் தன் போர்வீலோடு லீவில் போய்விட்டார். டிராக்டர் டிரெய்லரில் குன்றேற்றினால் அந்தக் குலுக்கலை அண்ணன் உடம்பு தாங்காது. அண்ணனுக்கு ஒரு டயாலிசிஸ் தவறியே விட்டது.

ஆயுத பூசைக்கு மறுநாள் விடியும்போது அண்ணி போன் செய்தார்கள்.

"தம்பி, ராத்திரி முழுக்க உக்காந்தே இருக்காரு. படுத்தா மூச்சு வரல."

இதற்குத்தான் நான் இருக்கிறேன் என்று கிளம்பினேன். என் இழுவை வண்டியின் கியர்பாக்ஸ் தரையில் கிடந்தது, அதனால் பின்னால் திறந்த தட்டு வைத்த என் சொந்த போர்வீலை எடுத்தேன். முந்தின நாள்தான் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிறுத்தினது. ஸ்பேனர், சாக்கெட், கிரீஸ் டப்பா, பழைய பேரிங் செட் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் இருந்தன. சாமி முன்னால் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை முடியாமல் தொடக்கூடாது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அது சட்டம், சட்டத்தைப் போட்டவனே நான்தான். வண்டியை எடுத்ததே பாதி மீறல், ஆயுதத்தையும் எடுக்க மனசு வரவில்லை. சீட்டுக்கு அடியில் ஜாக்கும் வீல் ஸ்பேனரும் இருந்தன, போதும் என்று நினைத்தேன். என் கையால் பார்க்கிற வண்டி, அதற்கு என்ன வரப்போகிறது.

காஹாங் ரோட்டிலேயே ஒரு முனகல் கேட்டது. பல் பெரிதாக உள்ள சேற்று டயர் எப்போதும் முனகத்தான் செய்யும். டயர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாடிக்கைக்காரர் அப்படிச் சொன்னால் நான் சிரித்திருப்பேன்.

அண்ணன் கட்டில் விளிம்பில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் ஊதி, கண் சின்னதாகிவிட்டது.

"வந்துட்டாரு பெரிய ஃபோர்மேன்," என்றார். அதைச் சொல்லி முடிக்க இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

முன் சீட்டில் அவரை வைத்து பெல்ட்டைப் போட்டேன். அண்ணி பின்னால் பையோடு ஏறினார்கள். மேலே ஏற ஏற முனகல் கரகரப்பாக மாறியது. நான் ஏர்கான் ஃபேனை நிறுத்தினேன்.

"ஏன்டா நிறுத்துற?"

"டயர் சத்தம் கேக்குதுண்ணே. அதான்."

"டிராக்டர்காரன்கிட்ட டயர் கதை சொல்லாத." மூச்சு. "வலப்பக்கம் ஒடிச்சா கூடுது. இடப்பக்கம் ஒடிச்சா குறையுது. என் காலுக்குக் கீழதான்டா இருக்கு."

"என்ன இருக்கு?" என்றார்கள் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி."

வண்டியை நிறுத்தி இறங்கினேன். முன் இடது சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைக்கப் போனேன், வைக்க முடியவில்லை. அவ்வளவு சூடு. ஜாக்கைப் போட்டுத் தூக்கி, மேலே ஒரு கை கீழே ஒரு கை பிடித்து ஆட்டினேன். டக் டக் என்று ஆடியது. ஆயிரம் சக்கரத்தை அப்படி ஆட்டிப் பார்த்தவன் நான். அந்த ஆட்டம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும், அதுதான் எனக்கு வந்த கெடுதல். தெரியாதவன் தைரியமாக ஓட்டியிருப்பான்.

பேரிங் என்பது சக்கரம் அச்சில் சுற்றுவதற்கு நடுவில் இருக்கிற உருளை வளையம். அதில் கிரீஸ் செத்தால் உருளை காயும், தேயும், பிறகு உருகி ஒட்டும். ஒட்டினால் சக்கரம் நிற்கும், இல்லையென்றால் சாய்ந்து கழண்டு போகும். பாதையின் இடது பக்கம் சரிவு. கீழே பனைகளுக்கு நடுவில் ஓடை பழுப்பு நிறத்தில் பொங்கிக்கொண்டு போனது. இன்னும் எட்டு கிலோமீட்டர். போனில் சிக்னல் இல்லை. சக்கரத்தைக் கழற்றலாம், ஆனால் உள்ளே பேரிங்கைத் திறக்கிற சாக்கெட் சாமி முன்னால் கிடந்தது.

அண்ணி தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தார்கள். "ஊத்தலாமா தம்பி? சீக்கிரம் ஆறிடும்."

"வேணாம் அண்ணி," என்று கத்திவிட்டேன். "கொதிக்கிற இரும்புல தண்ணி பட்டா உள்ள இருக்கிற காத்து சுருங்கும். சீல் வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். உள்ள போன தண்ணி கிரீஸைப் பாலாக்கிடும்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு நினைவு வந்தது. பூசைக்கு முந்தி, காஹாங்கிலிருந்து வேகமாக வந்து இறங்கின சூட்டோடு, ஜெட் தண்ணீரை அந்தச் சக்கரத்துக்கு நேராகப் பிடித்துச் சேறு போக அடித்தது யார்? நான்தான். அப்புறம் சந்தனம் வைத்து, நகர்த்தக்கூடாது என்று அப்படியே நிறுத்தினதும் நான்தான். மற்ற நாளாக இருந்தால் வண்டியை ஓட்டியிருப்பேன், சத்தம் முந்தின நாளே கேட்டிருக்கும். அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை. பாட்டிலை வாங்கி மூடிக் கொடுத்தேன்.

ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் அண்ணன் மூச்சு காத்திருக்காது. ஓட்டினால் சக்கரம் போகும், நிறுத்தினால் அவர் போவார்.

அண்ணன் கதவு வழியே என்னைப் பார்த்தார். "கழண்டா மூணு பேரும் ஓடைக்குள்ள. நின்னா நான் மட்டும்தான். மூணாங்கிளாஸுக்கு இந்தக் கணக்குகூடவா வராது?"

"வாயை மூடிட்டு மூச்சை விடுங்க," என்றார்கள் அண்ணி. அந்தக் குரலில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்போதுதான் பாதையோரத்தில் வெட்டி அடுக்கியிருந்த செம்பனைக் குலைகளைப் பார்த்தேன். சக்கரத்தைத் திறக்க முடியாது, பாரத்தையாவது எடுக்கலாமே. அண்ணனை முன் இடது சீட்டிலிருந்து எனக்குப் பின்னால் மாற்றினேன். அண்ணி அவரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள நடுவில். வண்டியின் பின் தட்டில், வலது மூலையில், வாலோரம் குலைகளை ஏற்றினேன். பன்னிரண்டு குலை. முள் குத்தின கையோடு தனியாக ஏற்றினேன். பின்னால் வலப்பக்கம் கனத்தால் முன்னால் இடப்பக்கம் லேசாகும். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியாது. நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

ஒரு விதி வைத்துக்கொண்டேன். நடக்கிற வேகத்தில் போவது, இறங்கி எச்சில் துப்பிப் பார்ப்பது, சுர்ரென்று பொரிந்தால் நிற்பது, பொரியாவிட்டால் போவது. முதல் தடவை பொரிந்தது. நின்றோம். காட்டில் மழைத்துளி சொட்டுவதும் அண்ணன் இழுக்கிற மூச்சும் தவிர வேறு சத்தம் இல்லை. நான் அவர் மூச்சை எண்ணினேன். எண்ண எண்ண வேகமாகிக்கொண்டே போனது. இரண்டாவது தடவையும் பொரிந்தது. அண்ணன் உதடு நீலமாகிவிட்டதைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்து ஓட்டினேன். விதியை மீறினேன். அதற்குப் பிறகு துப்பிப் பார்க்கவே இல்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

கரகரப்பு போய் கிறீச் என்று இரும்பை இரும்பு தின்கிற சத்தம் வந்தது. கடைசி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் தரை வரை போனது. பயந்தேன் என்று சொன்னால் போதாது, காது அடைத்துவிட்டது. சக்கரம் ஆடி ஆடி பிரேக் பேடைத் தள்ளிவிட்டிருக்கிறது. இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்தால் கொஞ்சம் பிடிக்கும். கியரை லோவில் போட்டு, வலது பக்கத்துச் சக்கரங்களை மேட்டோரக் கால்வாயில் இறக்கினேன். சாய்ந்தால் மேட்டில் சாயட்டும், ஓடையில் வேண்டாம். மண் மேடு கதவை உரசிக்கொண்டே வந்தது. பக்கத்துக் கண்ணாடி உடைந்து போனது. அண்ணி ஏதோ அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அண்ணன் கிண்டல் பண்ணாமல் இருந்தது எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது.

இறக்கம் முடிந்து சமதரையில் வந்தபோது டக்கென்று ஒரு உதை. சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்து, பிரேக்கில் இடித்து இறுகி நின்றுவிட்டது. மெயின் ரோட்டுக்கு அரை கிலோமீட்டர்.

ஹார்னை அழுத்திப் பிடித்தேன். பக்கத்துப் பிளாக்கில் குலை ஏற்றிக்கொண்டிருந்த தோட்டத்து டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டினவர் இந்தோனேசியாக்காரர். முதலில் என் பின்தட்டைப் பார்த்து, அந்தக் குலை எல்லாம் யாருடையது பாக்சிக் என்று, மாமா முறை வைத்து, மலாயில் கேட்டார். அண்ணனைக் காட்டினேன். அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரெய்லரில் சாக்கு விரித்து, அண்ணனை நிமிர்த்தி உட்கார வைத்து, அண்ணி பிடித்துக்கொள்ள, போய்விட்டார்கள். மெயின் ரோட்டில், விடியும்போதே நான் வரச் சொல்லியிருந்த அண்ணன் மகன் காரோடு காத்திருந்தான்.

நான் வண்டியோடு தங்கிவிட்டேன். ஏன் கூடப் போகவில்லை என்று பிறகு கேட்டார்கள். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வர எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. சிக்னல் இருக்கிற இடத்துக்கு நடந்து போகவும் மனசு வரவில்லை. போன் அடித்து வேறு செய்தி சொல்லிவிட்டால் என்ன செய்வது. மத்தியானம் தாண்டித்தான் மெதுவாக நடந்தேன். அண்ணி எடுத்தார்கள்.

"மூணு லிட்டர் தண்ணி எடுத்தாங்க தம்பி. தூங்குறாரு. படுத்துத் தூங்குறாரு."

பாதையோரத்தில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் சக்கரத்தைத் திறந்தேன். கிரீஸ் பால் டீ மாதிரி இருந்தது. வெளி பேரிங்கின் உருளைகள் நீலமாக வெந்து வளையத்தோடு ஒட்டியிருந்தன. ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் உருளைகளே இல்லை. இரண்டு கிலோமீட்டரில் கழண்டிருக்க வேண்டிய சக்கரம் அது. இப்போது என் ஒர்க்‌ஷாப்பில் பூசைக்கு வண்டியை வாளித் தண்ணீரில்தான் கழுவுகிறோம், அதுவும் சக்கரம் ஆறின பிறகு. ஒரு டூல் பாக்ஸ் மட்டும் சாமிக்கு வைப்பதில்லை. சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

இப்போது அண்ணனுக்கு எழுபது வயது விழா வருகிறது. அண்ணன் மகன் சின்னதாக ஒரு நன்றிப் புத்தகம் போடுகிறான். அச்சுக்குப் போகிற தாள்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். போனில் எழுத்து சின்னதாக இருந்தது, பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். டாக்டருக்கு நன்றி இருக்கிறது, நர்சுகளுக்கு இருக்கிறது. வெள்ள நேரத்தில் அப்பாவைத் தோட்டத்திலிருந்து மீட்டு வந்தது எஸ்டேட் டிராக்டர் என்று இருக்கிறது. சித்தப்பாவின் வண்டி வழியில் பழுதாகிவிட்டதால், என்று அதற்கு முன்னால் அரை வரி.

போன் செய்தேன். "நான் பாத்ததைத்தானே சித்தப்பா எழுதினேன்," என்றான். "அப்பா டிராக்டர்லதானே வந்து இறங்கினாரு."

அவன் பார்த்தது அரை கிலோமீட்டர். பொய் சொல்லவில்லை, பார்க்காததை அவன் எப்படி எழுதுவான். அதற்காகத்தான் இவ்வளவையும் நான் எழுதினேன், பேத்தி எழுத்துப்பிழை பார்த்தாள்.

மகனே, டிராக்டர்காரருக்கு நன்றி இருக்கட்டும், அவர் நல்ல மனுஷன், எடுத்துவிடாதே. ஆனால் அந்த அரை வரியை எடு. அதே இடத்தில் இதைப் போடு: தோட்டத்து வீட்டு வாசலிலிருந்து பத்தரை கிலோமீட்டர், அதில் ஏழரை கிலோமீட்டர் கெட்டது தெரிந்த பேரிங்கோடு, அப்பாவை உயிரோடு கொண்டுவந்து டிராக்டரில் ஏற்றியது அவருடைய தம்பி. பேரிங்கைக் கெடுத்ததும் அவர்தான் என்று சேர்க்க நினைத்தால் சேர்த்துக்கொள், அதுவும் என் வேலைதான். ஆனால் என் பேரைப் போடாமல் அந்தப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பாதே.