இரண்டு பக்கமும் பூச வேண்டிய பொந்து

எங்கள் டிபன் கடை திருத்தணி மலையடிவாரத்தில் இருந்தது. பாதிக் கடை என்று சொல்வதுதான் சரி. மீதிப் பாதி பெரியப்பாவுடையது. எனக்கு ஆறு வயதானபோது நடுவில் சுவர் எழுப்பி ஒரு கடையை இரண்டாக்கினார்கள். அதற்கப்புறம் நைனாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளவே இல்லை. இரண்டு பக்கமும் அதே இட்லி, அதே சாம்பார்தான்.

மார்கழி பிறந்தால் எலிகளுக்கு எங்கள் கடைமேல் தனிப் பாசம் வந்துவிடும். வெளியே பனி கொட்டும். உள்ளே அடுப்படி விடிய விடியக் கதகதப்பாக இருக்கும். எனக்கு எட்டு வயதான அந்த வருடம் நைனா கதவடியில் தகரம் அடித்தார், சாக்கடை வாய்க்குச் சல்லடை போட்டார், பொறியில் மசால்வடை வைத்தார். எலிகள் வடையை மட்டும் தின்றுவிட்டுப் போயின. எங்கள் வடை நன்றாகத்தான் இருக்கும்.

ஒருநாள் காலை, சித்தூரிலிருந்து சாமி கும்பிட வந்தவர் இட்லியைப் பிட்ட கையோடு இரண்டு காலையும் பெஞ்சின்மேல் தூக்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் படம் பிடிக்கப் போனை எடுத்தார். நைனா கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினார். படித் திருவிழாவுக்கு நான்கே நாள் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு எலி குறுக்கே ஓடினால் கடையின் பெயர் அன்றோடு போய்விடும்.

எலி வரும் வழி அம்மாவுக்குத் தெரியும். கிரைண்டருக்குப் பின்னால், நடுச்சுவரில், குழாய்க்காக விட்ட பொந்து ஒன்று இருந்தது. எனக்கும் அது நன்றாகத் தெரியும். பெரியப்பா மகனும் நானும் அதன் வழியாகத்தான் முறுக்கும் பொரியுருண்டையும் கைமாற்றிக்கொள்வோம். சிந்தியதெல்லாம் யாருக்குப் போயிற்று என்று நாங்கள் யோசித்ததில்லை.

நைனா தன் பக்கத்திலிருந்து கண்ணாடித் துண்டும் சிமெண்டும் வைத்து அடைத்தார். காலையில் அத்தனையும் உதிர்ந்து கிடந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பூசினாதாங்க நிக்கும்" என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா என்னைப் பெரியப்பாவிடம் தூது அனுப்பினாள்.

"எங்க பக்கம் எலியே கெடயாதுன்னு உங்க நைனாகிட்ட போய்ச் சொல்லு" என்றார் பெரியப்பா. அவருடைய கல்லாவுக்குக் கீழே பொறிக்குள் ஒன்று கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், பொந்துக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"டேய், சிமெண்டு கலந்துட்டியா?"

நைனா கரண்டியும் கையுமாக நின்றார். பிறகு, "ஆங், கலந்துகினு இருக்கேண்ணா" என்றார். சிமெண்டு மூட்டையை அவர் இன்னும் பிரிக்கக்கூட இல்லை.

நான் டார்ச் பிடித்தேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் குந்திக்கொண்டார்கள்.

"கண்ணாடிய பாத்து வைடா. கைய அறுத்துக்காத."

"சரிண்ணா. முட்டி வலி எப்படி இருக்குது?"

"எங்க... படி ஏறியே ஆறு மாசம் ஆவுது."

அப்படிப் பேசிக்கொண்டிருந்ததில் கலந்த சிமெண்டு இறுகிவிட்டது. பெரியப்பா புதிதாகக் கலக்கச் சொன்னார். அதுவும் இறுகியது. நைனா ஒரு நிமிடம் உட்கார்ந்தாலே கத்துகிற அம்மா, அன்று வாயைத் திறக்காமல் சாயங்கால வேலையைத் தானே பார்த்தாள். டீ போட்டு நைனாவுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு டம்ளரை வாசல் வழியாகச் சுற்றிப் போய்ப் பெரியப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் பொந்து அடைபட்டது.

திருவிழா அன்று ஒரு எலியும் வரவில்லை. பஜனை கோஷ்டிகள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படியேறினார்கள். அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. என் கை நுழைகிற அளவுப் பொந்து அது. கொத்தனார் என்றால் கால் மணியில் முடித்திருப்பார். பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்தும் அதற்கு ஒரு பொழுது தேவைப்பட்டதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.