இடது பக்கம் திரும்பச் சொன்ன வளர்மதி மேடம்

வளர்மதி மேடம் போய்விட்டார்.

காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அருள் எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட மெசேஜைக் களமருதூரில், மாமியார் வீட்டில், தேங்காய் துருவிக்கொண்டே படித்தேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு மேடத்தின் முகம் தெரியாமல் இருக்கலாம். குரல் தெரியும். போனில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஊர் வரலாறு சொல்லும் ஆடியோ டூர் ஒன்று இருக்கிறதே... சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷன், ரிஷிவந்தியம் கோயில், அப்புறம் கல்வராயன் மலை. "வாங்க, இப்படி நிழல்ல நின்னு கேளுங்க" என்று ஆரம்பிக்குமே, அந்தக் குரல்.

பி.ஏ. ஹிஸ்டரி கடைசி வருஷம் நாங்கள் செய்த புராஜெக்ட் அது. ஸ்டிக்கர் ஒட்டியது நாங்கள், எடிட் செய்தது அருள். எழுதியதும் பேசியதும் எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம்.

ரெக்கார்டிங் ஸ்டுடியோ எது தெரியுமா... எங்கள் டிபார்ட்மெண்ட்டின் ஸ்டோர் ரூம்! ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்த்து வழியப் பேசுவார்.

காலேஜ் விடும் நேரத்துக்கு அவர் வீட்டுக்காரர் கேட்டில் வந்து பைக் ஹாரன் அடிப்பார். அடித்ததும் பாதி வாக்கியத்தில் எழுந்து போய்விடுவார் மேடம். ரிஷிவந்தியம் ஆடியோ முடியும்போது லேசாக ஒரு ஹாரன் கேட்கும். கோயில் தெருச் சத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

சார் கெட்டவர் இல்லை. தினமும் கொண்டு வந்து விட்டு, கூட்டிக்கொண்டு போகிறார், எவ்வளவு நல்ல மனுஷன் என்று ஸ்டாஃப் ரூமே சொல்லும். எனக்கு அந்த ஹாரனைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மலைக்குப் போக வேன் பேசியிருந்தோம். மேடம் புதுசாக ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ... அருள் சிரித்ததற்கு, "மலை ஏறப் போறன்டா. செருப்பு அறுந்தா நீயா என்னைத் தூக்கினு வருவ?" என்றார்.

ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தும் ஆயிற்று. வேன் கிளம்பும் நேரம் போன் வந்தது.

"சரிங்க... இல்லீங்க, பசங்க கூடத்தான்... சரிங்க... சரிங்க."

இறங்கிவிட்டார். மாமியாருக்குச் சுகர் ஏறிவிட்டதாம். புளிசாதத் தூக்கை என் மடியில் வைத்து, "எல்லாத்தையும் வீடியோ எடுத்துக்கினு வாங்க, ஒண்ணும் வுடாதீங்க" என்றார். வெள்ளை ஷூவோடு ஆட்டோ பிடித்துப் போனார்.

அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் மலைப் பகுதி முழுக்க எழுதினார். ஒரு புளியமரம், அதைத் தாண்டி வழி இரண்டாகப் பிரியும், ஒரு பக்கத்தில் நடுகல். "இடது பக்கம் திரும்புங்க, கல்லு உங்களைப் பாத்துக்கினு நிக்கும்" என்று பேசியும் கொடுத்துவிட்டார்.

தொடக்க விழா அன்று பிரின்சிபால், விருந்தினர்கள் எல்லோரும் காதில் போனோடு இடது பக்கம் திரும்பி, நேராக ஒரு மரவள்ளிக் கொல்லைக்குள் போய் நின்றார்கள். கொல்லைக்கார அம்மா களைக்கொத்தோடு வந்து, "எதுக்கு இத்தினி பேரு எங் கொல்லைய மிதிக்கிறீங்க?" என்றது.

அன்றைக்கும் மேடம் வரவில்லை. வர விடவில்லை. போனில், "கல்லு தெரியுதா? நேர்ல எப்டி இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அருள்தான் கண்டுபிடித்தான். வீடியோ எடுத்ததே அவன்தான். ஐயா தன் மூஞ்சியும் தெரிய வேண்டும் என்று செல்ஃபி கேமராவில் எடுத்திருக்கிறார். அந்த போன் கண்ணாடி மாதிரி இடது பக்கத்தை வலது பக்கமாக்கித்தான் சேமிக்குமாம். வீடியோவில் அவன் சட்டைப் பாக்கெட்கூட வலது மார்பில்தான் இருக்கிறது. எங்களில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் பிரின்சிபால் எங்கள் எதிரிலேயே கேட்டார். "அந்த இடத்தைப் பாக்காமலா மேடம் எழுதுனீங்க?"

"ஆமாங்க சார்."

அவ்வளவுதான் சொன்னார். போன் வந்தது, இறங்கிப் போனது, ஒன்றையும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாற்றிப் பேசித் தாருங்கள் என்று அருள் கேட்டதற்கு, "இருடா. ஒரு வாட்டி நானே அங்க போய் நின்னு பாத்துட்டு மாத்திடறேன்" என்றார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று புளியமரத்தில் 'வலது பக்கம்' என்று ஒரு போர்டு மாட்டினோம்.

பொங்கல் லீவுக்குப் போகிறேன் என்பார். அப்புறம் மே மாதம் என்பார். போகவே இல்லை. ஆடியோ இன்னும் இடது பக்கம்தான் திரும்பச் சொல்கிறது.

இன்று மதியம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் புடவை மாற்றிக்கொண்டு அத்தை எதிரில் போய் நின்றேன். நாத்தனார் கல்யாணத்துக்கு வாசலில் பந்தக்கால் நட்டிருக்கிறது.

"பந்தக்கால் நட்ட வூட்லருந்து சாவு வூட்டுக்குப் போவக்கூடாதும்மா. கல்யாணம் முடியட்டும், போய் விசாரிச்சுக்கினு வா."

"மூஞ்சிய மட்டும் பாத்துட்டு ஓடி வந்துடறேன் அத்தை. வூட்டுக்குள்ளகூடப் போவல."

"சொந்தத்துல செத்தாலே போவ மாட்டோம். அவங்க உனக்கு இன்னா உறவு?"

கோபமாகச் சொல்லவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டுதான் சொன்னார். அதனால் சண்டை போடவும் முடியவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன்... பந்தல்காரரிடம் போன் பேசிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்தும் பேசிக்கொண்டிருந்தார்.

மாடியில் துணி காயப் போடும் சாக்கில் இதை டைப் செய்கிறேன். கீழே கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும்.

அருள் இப்போதுதான் மெசேஜ் போட்டான். எடுத்துவிட்டார்களாம்.

என்னை விடல மேடம்...

உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

நல்லபடியா போங்க.