இடப்பக்கம் போகாத விளையாட்டு

பேய்க் கதை சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அப்பாவின் வீட்டை விற்பதற்காக அக்காவும் நானும் சாமான்களைக் காலி செய்துகொண்டிருந்தோம். அக்கா சமையலறையில். நான் கடைசி அறையில். ஜன்னல் கிடையாது. இடப்பக்கம் கதவு, வலப்பக்கம் வெறும் சுவர், நடுவில் பழைய டிவியும் எங்கள் வீடியோ கேமும். மெஷினை அணைத்தால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கிவிடும். அதனால் அந்தக் காலத்தில் டிவியை மட்டும் அணைத்துவிட்டு, மெஷினை ஓடவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம்.

கேசட்டை ஊதிச் செருகினேன். அதே மஞ்சள் சட்டைக் குட்டையன். மூன்று உயிர். ஆரம்பத்திலேயே ஒன்றைப் பள்ளத்தில் விட்டேன். இந்த விளையாட்டில் வலப்பக்கம்தான் ஓட முடியும். திரை பின்னால் நகராது. திரும்பினால் இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"டேய், வேலைய விட்டுட்டு அங்க என்னடா சத்தம்?" அக்காவின் குரல்.

"இதோ வந்துட்டேன்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. எழுந்து போய்க் கதவை இழுத்தேன். திறக்கவில்லை.

பூட்டே இல்லாத கதவு அது. தோளால் இடித்தேன். டொம்... டொம்... அசையவில்லை.

திரும்பினேன். டிவியைக் காணோம். அந்த விளையாட்டின் பாட்டு மட்டும் கேட்டது.

"அக்கா!" பதில் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது என் கால் நகர்ந்தது. வலப்பக்கம்.

நான் நடக்கவில்லை. கால்தான் நடந்தது. சுவர் இருந்த இடத்தில் இருட்டு. ஓடினேன். காலடியில் தரை இல்லை...

கண் திறந்தபோது அதே கதவு. அதே மூன்று பத்து. மயங்கிவிட்டேன் போல என்று நினைத்தேன்.

மறுபடி கால் நகர்ந்தது.

ஓட்டம்... தாவல்... ஓட்டம்...

வெயில்.

வீட்டுக்கு வலப்பக்கச் சந்தில் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். கடைசி அறையில் அக்கா கையில் ஜாய்ஸ்டிக்கோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடா ஊர் சுத்தப் போயிட்ட? வந்து பாத்தா ஆளக் காணோம். ஜாய்ஸ்டிக்க யாரும் தொடல, உன் குட்டையன் இடது ஓரத்துல முட்டிக்கிட்டே நிக்கிறான். அணைக்கத்தான் போனேன். பாவமா இருந்துச்சு, நானே ஆடி அந்தக் கட்டத்த முடிச்சுவிட்டேன்."

"ஒரே தடவையிலயா?"

"எங்க? பழக்கம் விட்டுப்போச்சு. மொதல்ல பள்ளத்துல விழுந்து செத்துட்டான். நீ வேற முன்னாடியே ஒண்ணக் கோட்டை விட்டிருக்க. இப்ப ஒரே உயிர்தான் மிச்சம்."

மெஷினின் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டை இன்னும் விற்கவில்லை. அக்கா என்னோடு பேசுவதில்லை. டிவியை அணைத்துவிட்டேன், மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு நொடியில், குனிந்து என் கால்களைப் பார்த்துக்கொள்கிறேன்.