மூன்றில் ஒரு பங்கு

கோவில்பட்டியில் கிணற்று மோட்டார் விற்கும் செய்யது அலி, தான் விற்கிற மோட்டாரின் கம்பெனியிலேயே பங்கும் வாங்கி வைத்திருந்தார். பழுது என்று கடைக்குத் திரும்பி வரும் மோட்டார் அபூர்வம். இப்படிச் சரக்கு போடுகிறவன் நொடிந்துபோக மாட்டான் என்று நம்பி, கையில் லாபம் நின்றபோதெல்லாம் வாங்கினார். இருபது வருஷத்தில் ஒன்றைக்கூட விற்கவில்லை. விலை ஏறி ஏறி, கடையையும் வீட்டையும் விட அதுவே பெரிய சொத்தாகிவிட்டது.

பங்குத் தரகர் கார்த்திகேசன் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "பாய், எல்லாம் ஒரே இடத்துல கெடக்கு. கொஞ்சத்த வித்து வேற எதுலயாவது போடுங்க."

"நல்லா ஓடுத வண்டிய எதுக்குவே நிறுத்தணும்?" என்று சிரித்துவிட்டுப் போவார் செய்யது அலி.

மார்கழியில் பெருமழை பிடித்த வருஷம் புஞ்சைக் காட்டில் நின்ற உளுந்தும் மக்காச்சோளமும் அழுகின. வெள்ளாமை போய்க் கையில் காசில்லாத சம்சாரி மோட்டார் வாங்க எங்கே வருவான்? கடை ஈயோட்டியது. மற்ற ஊர்களிலும் அதே நிலை என்பதால் கம்பெனியின் பங்கு பாதி விலைக்கு இறங்கியது. அந்த நேரம் பார்த்து, மனைவி ஆயிஷா பீவிக்கு இருதயத்தில் அடைப்பு என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. பாதி விலைக்குப் பங்கை விற்க அவருக்கு மனசு வரவில்லை. அவள் வளையல்களை விற்றார்.

அவள் பிழைத்து வந்தாள். விலையும் மெல்ல ஏறியது. பழைய விலை வரட்டும் என்றிருந்தார், வந்தது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்றார், அதுவும் ஏறியது.

ஒருநாள் மத்தியானம் சோறு ஆறிப்போவது தெரியாமல் செல்போனில் விலை பார்த்துக்கொண்டிருந்தவரிடம் ஆயிஷா பீவி கேட்டாள்:

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கடையும் படுத்துட்டு, பங்கும் படுத்துட்டு. ரெண்டும் ஒரே மோட்டார நம்பித்தானங்க இருக்கு? இன்னும் எவ்வளவு ஏறும்னே பாக்குதீங்களே, இன்னொரு மழைக்கு என்ன செய்யப் போறீங்க?"

செய்யது அலி செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். சாயங்காலமே கார்த்திகேசனிடம் போய், வைத்திருந்ததில் மூன்றில் ஒரு பங்கை விற்கச் சொன்னார். வந்த பணத்தில் கயத்தாறு போகிற ரோட்டில் ஒரு கடைக்கட்டடம் வாங்கி, மருந்துக்கடைக்கு வாடகைக்கு விட்டார். மழை பெய்தாலும் காய்ந்தாலும் அந்த வாடகை வந்துவிடும்.

அடுத்த மாதமே பங்கு விலை இன்னும் ஏறியது. விற்ற பங்குக்கு இன்று என்ன விலை கிடைத்திருக்கும் என்று செய்யது அலி ஒரு வாரம் கணக்குப் போட்டுப் புலம்பினார்.

"மிச்சம் நம்மகிட்டதான இருக்கு? அதுவுந்தான ஏறுது, அதுக்குச் சந்தோசப்படக் கூடாதா?" என்றாள் ஆயிஷா பீவி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோன்புப் பெருநாள் கழிந்ததும், யாரும் சொல்லாமல் அவரே கார்த்திகேசனுக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்சம் விற்கச் சொன்னார்.