சனிக்கிழமைத் திருத்தம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் பயன்பட்டதோடு சரி. மற்ற எல்லாருக்கும் அவர் பல்செட்டுக்காரர்தான். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் மாடியில் இருந்த தன் பட்டறையில் உட்கார்ந்து, மெழுகும் பிளாஸ்டருமாக, அந்த வாய்க்குப் பல் செய்து அனுப்புவார். ஆயுள் முழுக்க அடுத்தவர் வாயிலேயே வேலை பார்த்ததாலோ என்னவோ, தன் வாயை அவர் அதிகம் பயன்படுத்தவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆள் கெட்டி. வெள்ளை என்று ஒரே ஒரு நிறம்தான் இருக்கிறது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும். சிகரெட் பிடிப்பவரின் வெள்ளை வேறு, பால் மணம் மாறாத வாயின் வெள்ளை வேறு. நிறம் கொஞ்சம் தப்பினாலும் டாக்டர் பல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் மனிதர் வெள்ளைக்குள் இருந்த மஞ்சள், நீலம், சாம்பல் எல்லாவற்றையும் பார்க்கப் பழகியிருந்தார். பார்த்து என்ன செய்ய? வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

வீட்டில் கேள்வி கேட்கும் உரிமை டீச்சருக்கு. டீச்சர் என்றால் அவர் மனைவி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பள்ளிக்கூடத்துக்குத்தான், நாக்குக்கு இல்லை. திருத்துவதற்குப் பேப்பர் இல்லாமல் அந்த அம்மாளுக்குக் கை பரபரத்தது. கொஞ்ச நாள் காய்கறிக்காரரைத் திருத்தினார், பிறகு எதிர்வீட்டு மருமகளை. ஒரு மழை நாளில் ஒதுங்க இடமில்லாமல் ஓர் ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் அவருக்குப் புதையல் கிடைத்தது.

உள்ளே ஏசி, வழவழவென்று தரை, டிக்கெட் கிடையாது. சுவரெல்லாம் அரூப ஓவியங்கள். முகமும் இல்லை, மரமும் இல்லை, வெறும் நிறம், கோடு, கறை. அதற்கு முன்னால் படித்தவர்களும் பணக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு பேசவே பயந்து நின்றார்கள். எங்கே ஏதாவது சொல்லி மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். டீச்சருக்கு எந்தக் காலத்திலும் அந்தப் பயம் இருந்ததில்லை. சிவப்பாக ஒரே ஓர் இழுப்பு இழுத்திருந்த பெரிய படத்தைப் பார்த்து, "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள செத்துப்போச்சு" என்றார். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அத்தோடு பிடித்தது சனி.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் நகரத்தின் ஓவியக் கூடங்களைச் சுற்றுவது என்று ஆயிற்று. நாலு பேர் கொண்ட கூட்டம். டீச்சர், இன்ஷூரன்ஸ் பிடிக்கும் அவர் தம்பி, கீழ்வீட்டு வக்கீலம்மா, கடைசியாக எல்லாருடைய குடையையும் சுமந்துகொண்டு பல்செட்டுக்காரர். ஒரு சனிக்கிழமைக்கு மூன்று நான்கு கண்காட்சிகளைப் பார்த்துவிடுவார்கள். பார்ப்பது என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர்கள் செய்ததன் பெயர் திருத்தம்.

அதற்கு டீச்சர் ஒரு விதி போட்டிருந்தார். பரீட்சைப் பேப்பரில் பையனின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். பெயர் தெரிந்தால் கை நடுங்கும், கருணை வரும். ஆகவே படத்துக்குப் பக்கத்தில் ஓவியர் பெயர் எழுதிய அட்டையை யாரும் முதலில் பார்க்கக் கூடாது. தம்பிக்கு நல்ல அகலமான முதுகு. அவர் போய் அட்டையை மறைத்துக்கொண்டு நிற்பார். நாலு பேரும் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் தம்பி நகருவார், பெயர் தெரியும். யார் சொன்னது நன்றாகத் தைத்ததோ அவருக்கு மற்றவர்கள் காபி வாங்கித் தர வேண்டும்.

கன்னங்கரேலென்று ஒரு படம். "கரண்டு போனப்ப வரைஞ்சிருக்கான், கரண்டு வர்றதுக்குள்ள வித்துட்டான்" என்பார் தம்பி. "இது குத்தம் இல்ல, குத்தம் பண்ண முயற்சி" என்பார் வக்கீலம்மா. டீச்சர் எப்போதும் கடைசிக்கு முன்னால், நிதானமாக, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொல்வார். அது இறங்கும். பல்செட்டுக்காரர் முறை வரும்போது, "நல்லாத்தான் இருக்கு" என்பார். இல்லாவிட்டால், "அந்த மூலையில வெள்ளை கொஞ்சம் நீலத்துக்குப் போகுது" என்பார். "போகட்டும், போய்ச் சேரட்டும்" என்பார் டீச்சர். ஒரு தடவைகூட அவர் காபி ஜெயித்ததில்லை.

ஆனால் அந்த மௌனச் சாமி சும்மா சுற்றவில்லை. மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போன பிறகு, இவர் ஒரு நிமிஷம் பின்தங்குவார். அந்த ஒரு நிமிஷத்தில் தனக்குத் தெரிந்த நிறங்கள் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருப்பதைக் கண்டார். பல்லாக இல்லாமல், யார் வாய்க்கும் பொருந்த வேண்டிய அவசியம் இல்லாமல், வெள்ளை வெறும் வெள்ளையாக இருக்கலாம் என்பது அவருக்குப் பெரிய செய்தி. ஒருநாள் பட்டறையில் வேலை முடிந்ததும் ஒரு பலகையையும் பெயிண்டையும் எடுத்து வைத்துக்கொண்டார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இந்த ஊமை தன்னைத்தான் கெடுத்துக்கொண்டது.

ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த ஒரே படத்தை வரைந்தார். வெள்ளையின் மேல் வெள்ளை, அதைச் சுரண்டி இன்னொரு வெள்ளை. அடியில் எங்கோ ஒரு துளி இளஞ்சிவப்பு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. ஊரில் வருஷத்துக்கு ஒரு முறை, யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம் என்று ஒரு பொதுக் கண்காட்சி நடக்கும். அனுப்பினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் இதுதான். தேர்வுக் குழு அதைத் தேர்ந்தெடுத்தும் விட்டது.

வீட்டில் மூச்சு விடவில்லை. காரணம் இருந்தது. பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து அவர் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்த காட்சி ஒன்று உண்டு. நாலு பேரும் அந்தப் படத்தின் முன்னால் நிற்கிறார்கள். டீச்சரின் தம்பியான மச்சான் முதுகால் அட்டையை மறைக்கிறார். டீச்சர் கண்ணாடியை இறக்குகிறார், பார்க்கிறார், இன்னும் கொஞ்சம் பார்க்கிறார். "நல்லா இருக்கு" என்கிறார். அப்புறம் மச்சான் நகர்கிறார். அவ்வளவுதான். முகத்துக்காகச் சொல்லாத ஒரு நல்ல வார்த்தை மனைவியின் வாயிலிருந்து வர வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒன்று வந்ததாக அவருக்கு நினைவில்லை. டீச்சரின் விதியே தனக்காகப் போட்டது போல அவருக்குத் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. பொதுக் கண்காட்சி என்பதால் நல்ல கூட்டம். மூன்று அறைகளைத் தாண்டினார்கள். பல்செட்டுக்காரர் குடைகளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே வந்தார். நான்காவது அறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில் மாட்டியிருந்தார்கள். பட்டறையில் இருந்ததைவிட அழகாக இருந்தது. மச்சான் போய் அட்டைக்கு முதுகு காட்டி நின்றார்.

"வெள்ளையடிக்க வந்தவன் பாதியில சாப்பிடப் போயிட்டான்" என்று ஆரம்பித்து வைத்தார் மச்சான்.

"சாட்சியே இல்லாத கேஸு. முதல் நாளே தள்ளுபடி" என்றார் வக்கீலம்மா.

டீச்சர் கண்ணாடியை இறக்கினார். பார்த்தார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். பல்செட்டுக்காரர் படத்தைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெத்துத்தாளைக் குடுத்துட்டுப் போற பசங்களை நான் மன்னிச்சிருக்கேன்" என்றார் டீச்சர். "தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னாவது அவனுக்குத் தெரியும். இது வேற. வெத்துத்தாளுக்கு ஓரத்துல கோடு போட்டு, அடிஷனல் பேப்பர் கேட்டு வாங்கி, நூல் போட்டுக் கட்டிக் குடுத்துருக்கு. இந்த மாதிரி பையன் என்கிட்ட வருஷத்துக்கு ஒருத்தன் வருவான். அவன் கடைசி வரைக்கும் தேற மாட்டான்."

மச்சான் சிரித்ததில் முதுகு குலுங்கியது. முன்பின் தெரியாத இரண்டு பேர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

"உங்க முறைங்க" என்றார் டீச்சர்.

நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். என்றைக்கும் சொல்வதுதான், யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அவமானத்தில் அவர் வாயிலிருந்து வந்தது வேறு. இந்தப் படத்தை இந்த உலகத்தில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? எங்கே குத்தினால் உயிர் போகும் என்றும் அவருக்குத்தான் தெரியும்.

"வாயைத் திறக்கத் துணிச்சல் இல்லாதவன், பல்லை மட்டும் வரைஞ்சிருக்கான்" என்றார்.

வக்கீலம்மா கைதட்டியே விட்டார்.

"அத்தான்! எங்க வச்சிருந்தீங்க இதையெல்லாம் இத்தனை நாளா? இன்னைக்குக் காபி உங்களுக்குத்தான்!" என்று மச்சான் அவர் தோளை உலுக்கினார்.

"சரி, அடுத்த ரூமுக்குப் போலாம்" என்றார் பல்செட்டுக்காரர் அவசரமாக.

"பேரைப் பார்க்காம எப்படி?" மச்சான் திரும்பி அட்டையைப் படித்தார். அவர் புருவம் ஏறியது. "அட, உங்க பேரு அத்தான்! அச்சு அசலா உங்க பேரு!"

"இந்த ஊர்ல இந்தப் பேருக்கா பஞ்சம்? எங்க கோர்ட்லயே நாலு பேரு இருக்காங்க" என்றார் வக்கீலம்மா.

"பேரு ஒண்ணா இருந்து என்ன? அந்த ஆளுக்காவது இதைக் கொண்டாந்து மாட்டுற தைரியம் இருந்திருக்கு" என்றார் மச்சான். அவரும் வக்கீலம்மாவும் மறுபடி சிரித்தார்கள். அது இவராக இருக்கும் என்ற எண்ணம் அந்த இரண்டு தலைக்குள்ளும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சர் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காபி வாங்கித் தந்தார்கள். குடித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு ஸ்டாப் தாண்டிய பிறகு டீச்சர் சொன்னார்: "பிளாஸ்டர்னா தண்ணியில அலசினா போயிடும். உங்க சட்டைக் கையில இருந்த வெள்ளை போகலை."

பல்செட்டுக்காரர் திரும்பினார்.

"புதன்கிழமையே அந்தக் கண்காட்சிக்குத் தனியாப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன்."

"தனியாப் போனியா?" என்றார் அவர். "அப்ப பார்த்தப்ப எப்படி இருந்துச்சு?"

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒரு வருஷமா பக்கத்துல படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலை நீங்க. முன்னப்பின்ன தெரியாத கமிட்டிக்காரங்களுக்கு முதல்ல காட்டியிருக்கீங்க. எனக்குப் பரீட்சை வச்சிருக்கீங்க. எனக்கு!"

"அதை விடு. படம் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறேன்."

"மார்க்கு போட்டாச்சு. போட்ட மார்க்கை நான் மாத்துறது இல்லை."

"நீ மார்க்கு போட்டது படத்துக்கா, எனக்கா?"

"ஸ்டாப் வந்துடுச்சு, எந்திரிங்க" என்றார் டீச்சர்.

இனி அதற்குப் பதில் கிடைக்காது என்று அவருக்குப் புரிந்தது. புதன்கிழமை அந்த அம்மாள் தனியாக நின்று என்ன நினைத்தாரோ, அது டீச்சரோடேயே போய்ச் சேரும். நல்லது என்று தெரிந்தாலாவது சந்தோஷப்படலாம், மோசம் என்று தெரிந்தாலாவது விட்டுத்தொலைக்கலாம். இரண்டும் இல்லாமல் செய்துவிட்டார் மனைவி. கண்காட்சி முடிந்ததும் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பட்டறையில் பிளாஸ்டர் குழைக்கப் பலகை ஒன்று தேவைப்பட்டது, அதற்கு வைத்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை மனிதர் தப்பியிருப்பார்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு சின்னக் கூடத்துக்குப் போனார்கள். புதிதாக வரைய வந்த யாரோ ஒருவரின் முதல் கண்காட்சி. நீலத்தில் நிறைய வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, பொறுமையாகச் செய்த வேலை. மச்சான் அட்டையை மறைத்தார்.

அறை ஓரத்தில் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். வந்தவர்களில் ஒருத்தி என்றுதான் மற்ற மூவரும் நினைத்தார்கள். பல்செட்டுக்காரருக்கு மட்டும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவள் நக இடுக்கில் நீலம் இருந்தது. அதைவிட, அவள் படத்தைப் பார்க்கவில்லை, படம் பார்ப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்சம் தள்ளி வயதான அம்மாள் ஒருவர், மகளையும் படங்களையும் ஒன்றாகப் போட்டோவில் பிடிக்க முடியாமல், போனை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தார்.

வட்டங்களின் நீலத்துக்குள் ஒரு வெள்ளை ஓடியது. நல்ல வெள்ளை. அதையும் அவர் பார்த்தார்.

மச்சான் ஏதோ சொன்னார், வக்கீலம்மா ஏதோ சொன்னார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பல்செட்டுக்காரர் முந்திக்கொண்டார். வழக்கத்தைவிடச் சத்தமாக, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இதை வரைஞ்சவங்களுக்கு ரொம்ப நல்ல அம்மா வாய்ச்சிருக்காங்க. எதைக் கிறுக்கினாலும் சின்ன வயசுலேருந்து கைதட்டியிருக்காங்க. பெத்தவங்க செஞ்ச பாவம், சுவரு சுமக்குது."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த புன்னகை கலையக்கூட இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. அம்மாள் போனைக் கீழே இறக்கி, மகளைப் பார்க்காமல், பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

டீச்சர் கணவனைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி, இன்னும் கொஞ்சம் பார்த்தார். முதுகில் லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

"நல்லா இருக்குங்க" என்றார்.

பல்செட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அந்தப் பெண் அழத் தொடங்கும் சத்தம் பின்னால் கேட்டது. அவர் திரும்பாமல் அடுத்த படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு, அதில் எங்கே குத்தலாம் என்று பார்க்க ஆரம்பித்தார்.