பக்கத்துப் பலூனைக் குறி பார்

முதலில் ஒரு விடுகதை. தின்பது காற்று, துப்புவது ஈயம், சாய்ந்து தூங்குவது தோள்மேல். அது என்ன?

நீங்கள் யோசிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஏர் கன். பலூன் சுடும் கடைதான் என் தொழில். தருமபுரிப் பக்கம் மாரியம்மன் பண்டிகையோ மாதா கோயில் தேரோ எங்கே நடந்தாலும், ஒரு பலகை நிறையப் பலூன் கட்டி, ஐந்து துப்பாக்கிகளோடு நான் நின்றிருப்பேன். இந்தத் தொழிலில் ஒரு நியாயம் உண்டு. பலூன் வெடித்தால் சுட்டவருடைய திறமை. வெடிக்காவிட்டால் என்னுடைய துப்பாக்கி. ராட்டினம் சுற்றுகிறவர்களே, பஜ்ஜி போடுகிறவர்களே, வளையம் எறியும் கடைக்காரர்களே, உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு நியாயம் இருக்கும். அதனால் நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

மூன்றாம் நம்பர்

என் துப்பாக்கிகளுக்குத் தோளில் சாயும் கட்டையில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கிறேன். அதில் மூன்றாம் நம்பர் இடப்பக்கம் இழுக்கும். ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்பீர்கள். பத்துப் பேர் கையில் ஏறி நான்கு பேர் கையிலிருந்து விழும் சாமான் அது. இன்று அதைச் சரிசெய்தால் நாளைக்கு நான்காம் நம்பர் இழுக்கும். விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தொடுவதில்லை. தொடாததால் அது எப்போதும் சும்மாவே கிடக்கும். சும்மா கிடப்பதால் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஸ்டெல்லா அதில்தான் சுட்டுப் பழகினாள். சிவப்புப் பலூன் வெடிக்க வேண்டுமா, அதற்கு வலப்பக்கம் இருக்கும் பலூனைக் குறி பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

கடத்தூர்ப் பண்டிகையில் புதிதாகக் கல்யாணமான ஒருவர் மனைவியோடு வந்தார். கூட்டத்தில் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் நம்பர். ஆறு குண்டு போட்டார், ஆறும் பலகையில் பட்டன. முகம் சுருங்கிப்போயிற்று. ஸ்டெல்லா அவர் பக்கத்தில் போய், "அண்ணா, பக்கத்துப் பலூனப் பாத்து சுடுங்க" என்றாள். அடுத்த குண்டில் டப்பென்று வெடித்தது. அவர் பெருமையாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் ஸ்டெல்லாவைப் பார்த்துச் சொன்னாள்:

"வந்ததுலேந்து நான் சொல்றது ஒன்னையும் கேக்கல, நீ ஒரு தரம் சொன்னதும் கேட்டுட்டாரு, எங்க வூட்டுக்கு வந்துடறயா பாப்பா?"

எருமைக் கணக்கு

அன்று கூட்டத்தில் ஸ்டெல்லாவின் பள்ளி விளையாட்டு ஆசிரியை கவிதா டீச்சரும் நின்றிருந்தார். ஸ்டெல்லா வரிசையாக ஒரு முழு வரிசைப் பலூனையும் காலி செய்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். தருமபுரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடும் போட்டி வரப்போகிறதாம். பத்து மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை, அதில் கறுப்பு வட்டம். ஸ்டெல்லாவின் பெயரைக் கொடுக்கலாமாம். ஆனால் துப்பாக்கியை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் சேர்க்க மாட்டார்கள்.

"மூன்றாம் நம்பர் இருக்கிறதே" என்றேன்.

"அட்டையில பக்கத்துப் பலூன் இருக்காதுங்கண்ணா" என்றார் டீச்சர்.

நியாயம்தான். ஸ்டெல்லா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் நிற்கும் பிள்ளைக்கு இல்லை என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும். போட்டிக்கு ஏற்ற புதுத் துப்பாக்கி என்ன விலை என்று டீச்சர் போனில் காட்டினார். என் மனைவி பிலோமினா பலூன் ஊதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இந்த வெலைக்கு ஒரு எரும வாங்கலாம் டீச்சர், ஜெயிச்சாலும் தோத்தாலும் பால் கறக்கும்."

அடுப்பு ஊதிய குழல்

வாங்க முடியாது என்றால் கோர்க்கலாம். பழுதாகி மூலையில் கிடந்த என் பழைய துப்பாக்கி ஒன்றின் உடம்பு நன்றாக இருந்தது. குழல், கட்டை, ஸ்பிரிங், வாஷர், குறி பார்க்கும் பின்குறி, இவை வேண்டும். ஸ்பிரிங்கையும் பின்குறியையும் சேலத்தில் புதிதாகவே வாங்கினேன். அங்கே சிரிப்பதற்கு எதுவும் நடக்கவில்லை. குழல்தான் முக்கியம். அது நேராக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

மொரப்பூரில் ரயிலடிக்குப் பக்கத்தில் என் பழைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார். பலூன் கடையை விட்டுவிட்டு இப்போது இட்லிக் கடை. அவருடைய துப்பாக்கி கட்டை உடைந்து பிரிந்துபோனதாகக் கேள்விப்பட்டுப் போனேன். "குழல்தானே, இருக்கு இருக்கு" என்று உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அவர் மனைவி விறகடுப்பின் முன் உட்கார்ந்து அந்தக் குழலால்தான் ஊதிக்கொண்டிருந்தார். சன்னமான துளை, ஊதினால் காற்று ஊசிபோலப் போய் நெருப்பைத் தொடுகிறதாம். வாங்கி மேசைமேல் உருட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லாமல் கடைசிவரை உருண்டது. வெளிச்சத்தில் துளை வழியே பார்த்தேன். கரி இருந்தது, துடைத்தால் போய்விடும். என் கூட்டாளி சும்மாவே எடுத்துக்கொள் என்றார். அவர் மனைவி விடவில்லை. கடைசியில் நான் சந்தைக்குப் போய் நல்ல இரும்பு ஊதுகுழல் ஒன்று வாங்கிவந்து கொடுத்த பிறகுதான் கை மாறியது. அதையும் அந்த அம்மா ஊதிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்:

"பரவால்ல, ஆனா உங்க துப்பாக்கி அளவுக்கு வராதுங்க."

அளவு எடுத்த ஆசாரி

கட்டைக்குக் கடத்தூரில் ஒரு தச்சரிடம் போனேன். நிலைக்கதவும் கட்டிலும் செய்கிறவர். நல்ல கைவேலை. பழைய கட்டையை மாதிரிக்குக் கொடுத்தேன். "தலமாட்டுல பூ போட்டுடலாங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என்னை நிற்க வைத்து, துப்பாக்கி பிடிப்பதுபோல் கையை நீட்டச் சொல்லி, தோளிலிருந்து விரல்வரை ஒழுங்காக அளவு எடுத்தார். நானும் ஒழுங்காக நின்றேன்.

அடுத்த வாரம் ஸ்டெல்லாவோடு போனேன். வழவழவென்று வேப்பங்கட்டை தயாராக இருந்தது. எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்டெல்லா வாங்கித் தோளில் வைத்தாள். விரல் விசை வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை. தச்சர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சுடப்போறது பாப்பாவா? நீங்க சொல்லவே இல்லீங்களே" என்றார். ஆமாம், நான் சொல்லவே இல்லை. சட்டை தைக்கக் கொடுத்தால் பிள்ளையை அழைத்துப்போகத் தெரிந்த எனக்குத் துப்பாக்கிக்குத் தோன்றவில்லை. அவர் சிரித்துக்கொண்டே ஸ்டெல்லாவுக்கு அளவெடுத்து, பின்பக்கத்தை அறுத்து, இழைத்துக் கொடுத்தார். அறுத்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிச்சத்துக்கு ஒரு பருப்பு மத்து கடஞ்சு தரட்டுங்களா? வூட்டுலயும் சண்ட வராம இருக்கும்."

பத்து மீட்டர்

துப்பாக்கியின் வயிற்றுக்குள் ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் ஒரு தோல் வாஷர். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பில் இருப்பதுபோலத்தான். அந்த அளவில் நல்ல தோல் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் தருமபுரியில் கை பம்பு சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டப்பா நிறையத் தோல் வாஷரைக் கொட்டினார். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவ்ளோ ஆழம்ங்க?" என்றார் அவர்.

என் நினைவெல்லாம் போட்டியில். "பத்து மீட்டர்" என்றேன்.

ஆயிரம் அடி தோண்டியும் புகைதான் வருகிறது என்று அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்த ஒரு விவசாயி ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். இது கிணற்றுக்கு இல்லை, துப்பாக்கிக்கு என்று நான் விளக்குவதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்:

"எந்த ஊருங்க அது? இருக்கறத வித்துட்டு நாளைக்கே வந்துடறேன்."

எங்கே ஒளித்திருந்தாய்?

எல்லாம் கோர்த்து முடித்தோம். வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் அட்டை ஒன்றை மாட்டினோம். ஒற்றை அட்டை, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெல்லா வட்டத்தைப் பார்த்தாள், சுட்டாள், வட்டத்தில் ஓட்டை. மறுபடி சுட்டாள், அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. குழலில் கரி வாசனைகூட இன்னும் போகவில்லை. நான் மண்மேட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். பிலோமினா புது மத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

போட்டி நாளன்று தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு போலீஸ்காரர் எங்கள் நீளப் பையைப் பார்த்து நிறுத்தினார். கவிதா டீச்சர் பள்ளிக் கடிதத்தைக் காட்டினார். அவர் படித்தார், தலையாட்டினார், பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ பலூன் கடைக்காரன்தான?" என்றார். ஆமாம் என்றேன். "இது அந்த மூனாம் நம்பரா?" என்றார். இல்லை சார், இது நேராகச் சுடும் என்று சொல்லி, வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த பயிற்சி அட்டையையும் பெருமையாகக் காட்டினேன். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"போன பண்டிகையில மாமனார் மச்சான் எல்லாரும் பாக்க நான் நின்னனே, அப்ப இத எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?"

பக்கத்து அட்டை

போட்டி நடந்த கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எதிரே அட்டைகளும் வரிசையாக, கிட்டத்தட்ட என் பலகையில் பலூன் தொங்குவதுபோலத் தொங்கின. பெற்றோர் கயிற்றுக்குப் பின்னால்; பேசக் கூடாது. முதலில் சில குண்டுகள் பழகிக்கொள்வதற்கு. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. ஸ்டெல்லா துப்பாக்கியைத் தூக்கினாள். சுட்டாள். அவள் அட்டையில் ஓட்டையே விழவில்லை.

குழலா, வாஷரா, பின்குறியா என்று நான் ஒவ்வொரு பாகமாக மனத்தில் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு வலப்பக்கம் நின்ற அரூர்ப் பெண் கையைத் தூக்கினாள்:

"சார், நான் இன்னும் சுடவே இல்ல, என் அட்டையில நட்டநடுவுல ஓட்ட விழுந்திருக்கு!"

கடைசி இடம்

எனக்கு விளங்கிவிட்டது. பிலோமினாவுக்கும் விளங்கிவிட்டது, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். வரிசையைக் கண்டதும் பிள்ளைக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. பக்கத்து அட்டையைக் குறி பார்த்துவிட்டாள். மூன்றாம் நம்பராக இருந்தால் குண்டு இந்தப் பக்கம் வந்திருக்கும். இது நேரான துப்பாக்கி. சொன்ன இடத்தில் போய் அடித்துவிட்டது.

நடுவர் வந்தார். நரைத்த மீசை, பொறுமையான முகம். போட்டிக் குண்டு அடுத்தவர் அட்டையில் பட்டால் அதற்கு மதிப்பெண் கிடையாது என்று எடுத்துச் சொன்னார். ஸ்டெல்லா மறுபடி துப்பாக்கியைத் தூக்கினாள், இறக்கினாள். தூக்கினாள், இறக்கினாள். கண் தானாக வலப்பக்கம் போகிறது என்பது கயிற்றுக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. இத்தனை ஊர் அலைந்து கோர்த்தது ஒரே பழக்கத்தில் போகிறதே என்று நான் கயிற்றை முறுக்கிக்கொண்டு நின்றேன். அப்போது அவள் வரிசை முழுவதையும் ஒரு முறை பார்த்தாள். வலது கோடியில் ஒரு பிள்ளை வராததால் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு அப்பால் சுவர்.

"சார், அங்க போய் நின்னுக்கட்டுங்களா? அங்க பக்கத்துல அட்ட இல்ல" என்றாள்.

நடுவர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காரணம் கேட்டார். அவள் பலூன் கதையைச் சொன்னாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டே கோடிக்குக் கைகாட்டினார்:

"காத்து அடிக்குது, கண்ணு கூசுதுன்னு எடம் மாத்தி கேப்பாங்க, பக்கத்து அட்ட கூப்பிடுதுன்னு கேட்ட மொத ஆளு நீதாம்மா."

ஆறாம் நம்பர்

சுவரோரம் நின்று ஸ்டெல்லா சுட்ட குண்டுகள் எல்லாம் அவளுடைய அட்டையிலேயே விழுந்தன. இரண்டாம் பரிசு. அரூர்ப் பெண்ணுக்கு முதல் பரிசு. தன் அட்டையில் விழுந்த ஓட்டை நல்ல சகுனம் என்று அவள் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இருவரும் அடுத்த கட்டப் போட்டிக்குப் போகிறார்கள்.

அதற்கு ஒரு நல்ல துப்பாக்கியை இரவல் தருவதாக நடுவரின் துப்பாக்கி சுடும் சங்கத்தார் சொன்னார்கள். கட்டையை நீட்டலாம், குறுக்கலாம், பிள்ளை வளர வளர அதுவும் வளருமாம். மேசைமேல் அதையும் என் துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இட்லிக் கடை அடுப்பும் கை பம்பும் வேப்பங்கட்டையும் சேர்ந்த என் துப்பாக்கி அங்கே கொஞ்சம் கறுப்பாகத்தான் தெரிந்தது. எது வேண்டும் என்று டீச்சர் கேட்டார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். பிலோமினா என் காதில் சொன்னாள்:

"மொகத்த அப்படி வெச்சுக்காதீங்க, புள்ள பயந்துக்கும்."

ஸ்டெல்லா இரண்டையும் தோளில் வைத்துப் பார்த்தாள், சங்கத்துத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். நான் கோர்த்தது இப்போது கடையில் ஆறாம் நம்பராகி, யார் எடுத்தாலும் நேராகச் சுட்டு, என் பலூன்களைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது.